கல்லிலே எழுதிய கூலி

பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்திலே ஒரு கருங்கல் நிற்கிறது. உயரம் 2.25 மீட்டர். ஓங்கி வளர்ந்த ஆளும் அண்ணாந்துதான் அதன் உச்சியைப் பார்க்கவேண்டும். உச்சியிலே ஒரு சிற்பம். ஆசனத்திலே அமர்ந்திருக்கிறான் ஷமாஷ் என்னும் சூரியக் கடவுள். எதிரே, வாயருகே கையை உயர்த்திப் பணிவோடு நிற்கிறான் ஒரு மன்னன். கடவுள் கோலும் வளையமும் நீட்டுகிறான். அதற்குக் கீழே, கல்லின் முன்புறமும் பின்புறமும், நெருக்கி நெருக்கி வெட்டிய ஆப்பெழுத்துகள்.

நிற்கும் அந்த மன்னன்தான் ஹம்முராபி. பாபிலோனை ஆண்டவன். கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்டான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் கொள்ளும் கணக்கு.

இவன் பெயரை அறியாதவர்கூட இவன் சட்டத்தை அறிவார்கள். மேடைகளிலே கேட்டிருக்கிறோம், பத்திரிகைகளிலே படித்திருக்கிறோம்: கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று. உலகின் முதல் சட்டம் என்றும், அதை வகுத்தவன் ஹம்முராபி என்றும் பள்ளிப் பாடத்திலேயே எழுதிவிட்டார்கள். நாமும் நெடுநாள் அப்படித்தான் நம்பினோம். ஆனால் தோழர்களே, யாருடைய கண்ணுக்கு யாருடைய கண் என்று கேட்டுப் பார்த்தோமா? அதைக் கேட்காமல் இந்த மன்னனின் கதையைச் சொல்லமுடியாது.

முதலில் ஆளைப் பார்ப்போம்.

இன்றைய ஈராக் நாட்டிலே, யூப்ரடீஸ், டைகிரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் பூமி அது. அங்கே ஹம்முராபி பட்டத்துக்கு வந்தபோது பாபிலோன் பேரரசின் தலைநகரம் அல்ல. நடுத்தரமான ஒரு நாட்டின் ஊர், அவ்வளவுதான். அமோரியர் என்ற இனத்தின் குடும்பம் அது. சின்முபல்லித் என்ற தந்தைக்குப் பிறகு, அந்த வரிசையிலே ஆறாவது அரசனாக இவன் அமர்ந்தான். தெற்கே லார்சாவில் ரிம்சின் என்ற முதிய மன்னன். வடக்கே ஷம்ஷி அதாத் என்ற பெரும்புள்ளி. கிழக்கே எஷ்னுன்னா, அதற்கும் அப்பால் மலைநாட்டு ஏலாமியர்கள். சுற்றிலும் புலிகள், நடுவே இவன்.

அந்நாளில் ஒரு தூதர் எழுதிய மடல் மண்பலகையாகக் கிடைத்திருக்கிறது. தன்னந்தனியே வலிமை படைத்த அரசன் எவனும் இல்லை என்கிறார் அவர். ஹம்முராபியின் பின்னே பத்துப் பதினைந்து குறுமன்னர்கள் போகிறார்கள், லார்சா மன்னன் பின்னேயும் அவ்வளவு பேர், எஷ்னுன்னா மன்னன் பின்னேயும் அவ்வளவு பேர், யம்ஹாத் நாட்டு மன்னன் பின்னே மட்டும் இருபது பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதுதான் அன்றைய அரசியல். யார் பின்னே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை!

இந்த எண்ணிக்கையிலே கெட்டிக்காரன் ஹம்முராபி. முப்பது ஆண்டுக்காலம் பெரிய ஆட்டம் எதுவும் ஆடவில்லை. சுவர் கட்டினான், கால்வாய் வெட்டினான், கோவிலுக்குக் கொடை தந்தான், காத்திருந்தான். பிறகு, ஏறத்தாழ கி.மு. 1764இல், ஏலாமியரின் படையெடுப்பை முறியடித்தான். அடுத்த ஆண்டே லார்சாவை முற்றுகையிட்டு, மாதக்கணக்கில் வளைத்து நின்று, அறுபது ஆண்டு ஆண்டிருந்த ரிம்சின்னை வீழ்த்தினான். அந்தப் போரிலே படை அனுப்பி உதவியவன் மாரி நாட்டு மன்னன் சிம்ரிலிம். நெடுநாள் நண்பன், உடன்படிக்கைக்காரன். இரண்டே ஆண்டில் அந்த நண்பனின் மாரி மீதே படை பாய்ந்தது. பின்னர் அதன் மதிலும் இடிக்கப்பட்டது, அரண்மனை எரிந்தது. சிம்ரிலிம் என்ன ஆனான் என்று எந்த ஏடும் பேசவில்லை. எஷ்னுன்னாவுக்கு வேறு விதமான அழிவு. வெள்ளத்தைத் திருப்பி அந்நகரை அழித்ததைத் தன் ஆட்சியின் 38ஆம் ஆண்டுக்குப் பெயராகவே வைத்துக்கொண்டான்.

ஆண்டுக்குப் பெயரா என்று கேட்பீர்கள். ஆம், அங்கே ஆண்டுகளுக்கு எண் கிடையாது. அரசன் செய்த ஒரு காரியமே அந்த ஆண்டின் பெயர். உழவன் கடன் சீட்டு எழுதினாலும், ஆடு விற்றாலும், அந்தச் சீட்டின் அடியிலே மன்னன் புகழ் ஒரு வரி வந்தே தீரும். விளம்பரம் என்றால் இது அன்றோ விளம்பரம்!

ஆனால் வாள் பிடித்தவன் மட்டும் என்று இவனை ஒதுக்கிவிட முடியாது. லார்சாவைப் பிடித்த பிறகு அங்கே இரண்டு அதிகாரிகளுக்கு இவன் அனுப்பிய மடல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சின்இத்தினம் என்பவர் ஒருவர், நிலக் கணக்கைக் கவனித்த ஷமாஷ்ஹாசிர் என்பவர் இன்னொருவர். அந்த மடல்களிலே பேரரசனைக் காணோம். ஒரு தாசில்தாரைத்தான் காண்கிறோம். இன்ன கால்வாயில் மண் தூர்ந்துவிட்டது, ஆள் வைத்து அள்ளு. இன்ன ஊரில் லஞ்சம் வாங்கியதாகப் புகார், விசாரித்து ஆளை அனுப்பு. இன்ன உழவன் தன் நிலத்தை எவனோ பிடுங்கிக்கொண்டான் என்று முறையிடுகிறான், ஏட்டைப் பார், நிலம் அவனுடையதானால் திருப்பிக் கொடு. நாட்டின் கடைக்கோடி வயல் வழக்கு வரை தானே பார்த்திருக்கிறான் மனிதன்.

அவற்றிலே ஒரு மடல் நமக்குச் சிரிப்பை மூட்டியது. அவர்கள் நாட்காட்டி நிலவைப் பார்த்தது. பருவத்தோடு அது பொருந்தாமல் போகும்போது அரசன் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பான். அப்படி ஒரு தடவை எலூல் மாதத்துக்குப் பிறகு இன்னொரு எலூல் என்று ஆணையிட்டான் ஹம்முராபி. ஆணையிட்ட கையோடு மறக்காமல் ஒன்று சேர்த்தான். அடுத்த மாதமான திஷ்ரி 25ஆம் நாள் பாபிலோனுக்கு வந்து சேரவேண்டிய வரி, சேர்த்த மாதத்தின் 25ஆம் நாளே வந்து சேரவேண்டும்! மாதம் தள்ளிப்போகலாம், வரி தள்ளிப்போகலாமா? மூவாயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய வரி வசூல் மூளையைப் பாருங்கள்.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம்.

கல் நின்ற இடம் பாபிலோனியா; கிடைத்த இடம் பாரசீகத்தின் சூசா. இவன் செத்து ஆறு நூற்றாண்டு கழித்து, கி.மு. 12ஆம் நூற்றாண்டிலே, ஷுத்ருக் நஹ்ஹுந்தே என்ற ஏலாமிய மன்னன் பாபிலோனியாவைக் கொள்ளையிட்டு, வெற்றிப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனான். 1901, 1902 குளிர்காலத்தில் ஜாக் த மோர்கன் தலைமையிலே சூசாவைத் தோண்டிய பிரெஞ்சுக் குழு அதை மூன்று துண்டுகளாகக் கண்டெடுத்தது. ழான் வின்சென்ட் ஷேய்ல் என்ற அறிஞர் படித்து, 282 விதிகள் என்று எண்ணிட்டு, 1902லேயே வெளியிட்டார். முன்புறத்தின் அடியிலே சில பத்திகள் மட்டும் வழவழவென்று தேய்த்து அழிக்கப்பட்டிருந்தன. தன் பெயரை வெட்டுவதற்காக ஏலாமிய மன்னன் அழித்திருக்கலாம், வெட்டத்தான் இல்லை. அழிந்த இடத்திலே இருந்தவை எவை தெரியுமா? வட்டிக்கடைக்காரன், வீட்டு வாடகை, வணிகக் கணக்கு பற்றிய விதிகள்! நல்லவேளை, அவற்றுள் பலவற்றைப் பழைய மாணவர்கள் மண்பலகைகளிலே படியெடுத்து வைத்திருந்தார்கள். தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் வாங்கினால் முதலே போய்விடும். கொடுக்கும்போது சின்னப் படி, வாங்கும்போது பெரிய படி வைத்து அளந்தவனுக்கும் அதே கதி.

ஹம்முராபிக்குச் சேரவேண்டிய பாராட்டைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. புயலோ வெள்ளமோ வயலை அழித்தாலும், தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தாலும், அந்த ஆண்டு கடன்காரனுக்குத் தானியம் தரவேண்டாம், வட்டியும் இல்லை என்கிறது 48ஆம் விதி. கடனுக்காக மனைவியையோ மகனையோ மகளையோ விற்றுவிட்டால், அல்லது வேலைக்கு ஒப்படைத்துவிட்டால், வாங்கியவன் வீட்டில் மூன்று ஆண்டு உழைப்பு. நான்காம் ஆண்டில் விடுதலை என்கிறது 117ஆம் விதி. போர்வீரனின் பொருளை அவனுடைய மேலதிகாரி பறித்தால் அதிகாரிக்கு மரணம். தன் கரையைச் சோம்பலால் கவனிக்காமல் விட்டு, உடைப்பெடுத்த தண்ணீர் பக்கத்து வயலை மூழ்கடித்தால், போன பயிருக்கு ஈடு கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, நட்டப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கடுமைதான். ஆனாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியவன் எழுத்து அது.

அப்படியானால் கண்ணுக்குக் கண்?

அந்தச் சட்டத்திலே மனிதர்கள் மூன்று வகை. அவீலும் என்பவன் மேல்குடியான். முஷ்கேனும் என்பவன் அவனுக்குக் கீழே, எளியவன். அடியிலே அடிமை. மேல்குடியான் ஒருவன் இன்னொரு மேல்குடியானின் கண்ணைப் போக்கினால் அவன் கண்ணையும் போக்கவேண்டும். அதுதான் நாம் கேட்ட கண்ணுக்குக் கண். எளியவன் கண்ணைப் போக்கினால்? ஒரு மினா வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண் போனால்? அடிமையின் விலையிலே பாதி, அதுவும் அவன் எசமானுக்கு! கண்ணிழந்தவன் கையிலே ஒரு காசும் இல்லை. ஒரே வரிசையில் அடுத்தடுத்து வரும் விதிகள் இவை, 196 முதல் 199 வரை. முதல் விதியை மட்டும் உலகம் மனப்பாடம் செய்துகொண்டது. மற்றவற்றை விட்டுவிட்டது.

கன்னத்தில் அறைந்த வழக்கும் அப்படியே. தன்னிலும் உயர்ந்தவனை அறைந்தவனுக்குச் சபை நடுவே மாட்டுத்தோல் சாட்டையால் அறுபது அடி. அடிமை அறைந்தால் அவன் காதை அறுக்கவேண்டும். ஓடிப்போன அடிமைக்கு வீட்டிலே இடம் கொடுத்தவனுக்கு மரணம்.

கட்டடத் தொழிலாளிகள் கவனிக்கவேண்டிய விதி 229. கொத்தன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கொத்தனைக் கொல்லவேண்டும். வீட்டுக்காரன் மகன் செத்தால் கொத்தனின் மகனைக் கொல்லவேண்டும். அந்தப் பையன் செங்கல்லைத் தொட்டவன்கூட அல்ல! இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்திலேயே கட்டடத் தரத்துக்குச் சட்டம் போட்டான் பார்த்தாயா என்று வியந்து எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நமக்கு வியப்பு வரவில்லை.

கூலிக்கு வருவோம். அதுதானே நம் கணக்கு.

வாற்கோதுமை மணி ஒன்றின் எடை அவர்களுக்குச் சிறிய அளவை. அப்படி 180 மணி எடை வெள்ளி ஒரு ஷெக்கெல். இன்றைய எடையிலே எட்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதல். அறுபது ஷெக்கெல் ஒரு மினா. 273ஆம் விதி கூலியாளுக்கு நாட்கூலி நிர்ணயிக்கிறது. ஆண்டின் முதல் ஐந்து மாதம் நாளுக்கு ஆறு மணி எடை வெள்ளி. ஆறாம் மாதம் முதல் ஆண்டு முடிய ஐந்து மணி. அவர்கள் ஆண்டு இளவேனிலிலே பிறக்கும். முதல் மாதங்களில் அறுவடை, நீண்ட பகல், எரிக்கும் வெயில். அதனால் ஒரு மணி கூடுதல்.

கணக்குப் போடுங்கள். நாளுக்கு ஆறு என்றால் முப்பது நாள், ஓய்வே இல்லாமல் உழைத்தால் ஒரு ஷெக்கெல். பக்கத்து எஷ்னுன்னா நாட்டுச் சட்டம் ஒரு ஷெக்கெலுக்கு ஒரு கூர், அதாவது ஏறத்தாழ 300 லிட்டர் வாற்கோதுமை என்று விலை சொல்கிறது. அந்த விலைக்குத் தானியம் கிடைத்தால் நாளுக்குப் பத்து லிட்டர். அது சட்டத்தில் எழுதிய விலை. சந்தையிலே தானியம் அதைவிட அதிக விலைக்கு விற்றதை அந்தக் காலத்து விற்பனைச் சீட்டுகள் காட்டுகின்றன. விலைவாசி விஷயத்திலே எழுத்து வேறு, சந்தை வேறு என்பது அன்றைக்கே ஆரம்பம்!

அதே கல்லிலே மருத்துவருக்கும் கட்டணம் இருக்கிறது. வெண்கலக் கத்தியால் அறுத்து மேல்குடியானின் உயிரைக் காப்பாற்றினால் பத்து ஷெக்கெல், எளியவனானால் ஐந்து, அடிமையானால் எசமான் தருவது இரண்டு. பத்து ஷெக்கெல் என்றால் கூலியாளுக்கு முந்நூறு நாள் உழைப்பு. ஒரு மினா என்று சொன்னோமே எளியவன் கண்ணுக்கு, அது ஐந்து ஆண்டுக் கூலி. கூலியாள் கொடுக்கமுடியாது. பணக்காரனுக்கோ பெட்டியைத் திறந்தால் முடிந்தது.

இதைவிட நம்மைச் சிந்திக்கவைத்த செய்தி வேறொன்று. இவன்தான் முதன்முதல் சட்டம் தந்தவன் என்பதே தவறு. கல்லைக் கண்டெடுத்து நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய சட்டங்கள் வெளிவந்தன. எஷ்னுன்னா சட்டத்தை 1948இல் ஆல்பிரெக்ட் கோட்சே வெளியிட்டார். இசின் நாட்டு லிபித் இஷ்தாரின் சட்டமும் அந்த ஆண்டுகளிலே வந்தது. 1952இல் சாமுவேல் நோவா கிராமர், ஊர் நகரத்து மன்னன் ஊர்நம்முவின் சட்டத்தைப் படித்தார். அது ஹம்முராபிக்கு மூன்று நூற்றாண்டுக்கு முந்தையது. அதிலே உடலுறுப்புக்கு உறுப்பு இல்லை. காயப்படுத்தியவன் வெள்ளி கொடுக்கவேண்டும். பழையது கொடுமை, புதியது மென்மை என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. கண்ணைப் பிடுங்கும் சட்டம் பின்னால் வந்தது!

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹம்முராபி காலத்து வழக்குச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இந்தக் கல்லின் விதியை எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொன்ன வழக்கை அவற்றிலே தேடினால் கிடைப்பதில்லை. ஆகவே இது நீதிமன்றச் சட்டமா, அல்லது நான் நீதிமான் என்று மன்னன் தன்னைத்தானே மெச்சிக்கொண்ட அறிவிப்பா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நமக்குப் பட்டதைச் சொல்கிறோம்: இரண்டும் கலந்தது. கல்லின் முடிவுரையிலே, வலியவன் எளியவனை நசுக்காதிருக்கவும் விதவைக்கும் அநாதைக்கும் நீதி கிடைக்கவும் இதை நிறுத்தினேன் என்று சொல்கிறான். அநீதிக்கு ஆளானவன் வந்து கல்லைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும் என்கிறான். படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தர்கள் மட்டும். நாளுக்கு ஆறு மணி வாங்குகிறவன் எழுத்தரைத் தேடிப் போகவேண்டும்.

வெறும் பேச்சு என்று தள்ளவும் முடியவில்லை. பட்டத்துக்கு வந்ததும் நாட்டிலே நீதியை நிலைநாட்டினான் என்பதே இவன் இரண்டாம் ஆண்டின் பெயர். அந்தச் சொல்லுக்குப் பொருள் கடன் தள்ளுபடி. இவன் நோயுற்றபோது ஆட்சியேற்ற மகன் சம்சுஇலுனாவும் முதல் காரியமாகப் பாக்கிகளைத் தள்ளுபடி செய்ததாக ஒரு மடலிலே எழுதினான். எள்ளுப்பேரன் அம்மிசதூகாவின் தள்ளுபடி ஆணை மண்பலகையிலே இன்றும் இருக்கிறது. இரக்கமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் உழவர்கள் எல்லாரும் வட்டிக்காரன் வீட்டு அடிமைகளாகிவிட்டால், அரசனுக்கு வரி கட்டுவது யார்? படைக்கு வருவது யார்? கால்வாய் தூர் வாருவது யார்? இந்தக் கணக்கு அரசனுக்குத் தெரிந்திருந்தது. தள்ளுபடி செய்தான், மறுபடி கடன் ஏறியது, மறுபடி தள்ளுபடி.

பேரரசு நிற்கவில்லை. மகன் காலத்திலேயே தெற்கு கிளர்ந்தெழுந்து, பிறகு கைவிட்டுப் போயிற்று. கி.மு. 1595 வாக்கில் ஹித்தியர்கள் பாபிலோனையே சூறையாடினார்கள். ஹம்முராபியின் பாபிலோனை நாம் பார்க்கவும் முடியாது. ராபர்ட் கோல்டவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை தோண்டி எடுத்தது, பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்திய நெபுகாத்நேச்சரின் நகரம். ஹம்முராபியின் ஊர் அதற்கும் கீழே, நிலத்தடி நீருக்குள் கிடக்கிறது.

ஊர் மூழ்கினாலும் பெயர் மூழ்கவில்லை. கல் கிடைத்த நாள் முதல் இவன்மீது உலகுக்கு ஓயாத ஆசை. 1902இலேயே பெர்லினில் பிரீட்ரிக் டெலிட்ஷ் என்ற பேராசிரியர், கெய்சர் வில்லியம் முன்னிலையிலே பாபிலோனையும் பைபிளையும் ஒப்பிட்டுப் பேசினார், பாதிரிமார்கள் கொதித்தார்கள். ஹம்முராபியின் விதிகளும் அச்சேறியதும், மோசேயின் சட்டத்துக்கு இது மூலமா என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அமெரிக்காவின் உச்சநீதிமன்றக் கட்டடம் 1935இல் திறந்தபோது சுவர்ச் சிற்பத்திலே இவனும் நின்றான். அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை மண்டபத்திலே 1949, 1950இல் பதித்த 23 சட்டமேதைகளின் பளிங்கு உருவங்களிலும் இவன் ஒருவன். ஈராக்கிலே சதாம் உசேன் தன் காவல்படையின் ஒரு பிரிவுக்கு ஹம்முராபி என்று பெயர் வைத்தார். 1991இலும் 2003இலும் அந்தப் பெயருடைய படையோடு போரிட்டது, ஹம்முராபியைச் சுவரிலே வைத்திருந்த அமெரிக்கா! சதாம் போன பிறகு வந்த 25,000 தினார் நோட்டிலும் இவன் உருவம்தான். ஆட்சி மாறினாலும் ஆளுக்கு மவுசு குறையவில்லை.

லூவ்ருக்குப் போகிறவர்கள் கல்லின் முன்னே கூடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடவுளும் மன்னனும் இருப்பது அந்தப் பக்கம்தான். கூலி எழுதியிருப்பது பின்பக்கம், முடிவுக்குக் கொஞ்சம் முன்னே. காளை வாடகைக்கும் படகு வாடகைக்கும் நடுவிலே இருக்கிறது அது: ஐந்தாம் மாதம் வரை நாளுக்கு ஆறு மணி, அதற்குமேல் ஐந்து.